சார்னியாவின் ஆட்டம் யாருடைய காப்பியும் அல்ல

கேள்வி: நாங்கள் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்துச் சார்னியாவில் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன், வரலாற்றுப் பாடத்துக்கு இந்த ஊரின் பழைய ஃபுட்பால் கிளப்பான சார்னியா இம்பீரியல்ஸைப் பற்றித்தான் எழுதுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அமெரிக்காக்காரன் ஆட்டத்தைக் காப்பியடித்து, ஆலையில் வேலை பார்த்தவர்கள் பொழுதுபோக்காக ஆடியதில் என்ன வரலாறு இருக்கிறது? நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உருப்படியான தலைப்பு ஒன்று சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், சார்னியா

பதில்: உங்கள் மகன் எடுத்திருப்பதே உருப்படியான தலைப்புதான். தயவுசெய்து மாற்றச் சொல்லாதீர்கள். கேட்டது நீங்கள் என்பதால் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், உங்கள் கேள்வியில் இருக்கும் 'காப்பி', 'பொழுதுபோக்கு', 'நமக்கென்ன' என்ற மூன்று சொல்லும் தப்பு.

காப்பி என்பதை முதலில் பார்ப்போம். (இங்கே ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் ஆட்டம்.) 1874 மே மாதம் மாண்ட்ரீல் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஹார்வர்டுக்குப் போய் இரண்டு ஆட்டம் ஆடினார்கள். ஒன்று ஹார்வர்டு விதிப்படி, இன்னொன்று மெக்கில்காரர்கள் கொண்டுபோன ரக்பி விதிப்படி. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அந்த ஆட்டம் ஹார்வர்டு பையன்களுக்குப் பிடித்துப்போய் அதையே வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கன் ஃபுட்பால் வளர்ந்த கதையில் அந்த இரண்டு நாளுக்குப் பெரிய இடம் உண்டு. அதற்குப் பிறகு அவர்கள் ஒரு வழியில் போனார்கள், கனடாக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அங்கே பதினொரு பேர் என்றால் இங்கே பன்னிரண்டு பேர். அங்கே பத்து கெஜம் முன்னேற நான்கு டவுன், அதாவது நான்கு முயற்சி, இங்கே மூன்றுதான். மைதானமும் இங்கே பெரியது, 110 கெஜ நீளம், 65 கெஜ அகலம். பந்தை எதிரணியின் கோல் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பதுதான் டச் டவுன், 1955 வரை இங்கே அதற்கு 5 புள்ளிதான். அந்தக் காலத்துப் பேப்பர்களைப் புரட்டினால் இந்த ஆட்டத்தை 'ரக்பி' என்றே எழுதியிருப்பார்கள், மகன் தேடும்போது குழம்பிவிடக் கூடாது என்பதற்காக இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

மூன்று டவுன் என்றால் என்ன ஆகும்? இரண்டு முறை முயன்று பத்து கெஜம் வரவில்லை என்றால் மூன்றாவதில் பந்தை உதைத்து எதிரணி பக்கம் தள்ளிவிட வேண்டியதுதான். அதனால் உதைக்கத் தெரிந்தவன்தான் அன்றைக்கு ராஜா. உதைத்த பந்து எதிரணியின் கோல் பகுதிக்குள் போய், அவர்கள் அதை வெளியே கொண்டுவர முடியாமல் போனால் உதைத்த அணிக்கு ஒரு புள்ளி. இதற்கு ரூஜ் என்று பெயர். அமெரிக்க ஆட்டத்தில் இப்படி ஒன்று இல்லவே இல்லை.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். நீங்கள் தினமும் பார்க்கும் செயின்ட் கிளேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிச்சிகன், போர்ட் ஹியூரன். 1938இல் புளூ வாட்டர் பாலம் திறந்தது, அதற்கு முன்பும் ஆற்றைக் கடந்து ஆட்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். அமெரிக்காவைக் காப்பியடிக்க வேண்டும் என்றால் கனடாவிலேயே அதற்கு இதைவிட வசதியான ஊர் அதிகம் கிடையாது. அப்படி ஒரு கரையில் நின்றுகொண்டு சார்னியாக்காரர்கள் மூன்று டவுனும் ரூஜும் வைத்த தங்கள் ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு இங்கே வந்த ஆர்ம் பீச் என்ற அமெரிக்கர், சார்னியா அணிக்காக இந்த விதிகளில் ஆடித்தான் கனடிய ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார்.

1933 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய ஃபுட்பால் பரிசான கிரே கோப்பைக்கான இறுதியாட்டம் உங்கள் ஊரில், டேவிஸ் ஃபீல்டில் நடந்தது. பார்க்க வந்தவர்கள் 2,751 பேர். அன்றைக்கு ஊரின் மொத்த ஜனத்தொகையே இருபதாயிரத்தைத் தொடவில்லை. எதிரில் டொரன்டோ ஆர்கோனாட்ஸ், பெரிய நகரத்துப் பெரிய அணி. முடிவு ஆர்கோனாட்ஸ் 4, சார்னியா இம்பீரியல்ஸ் 3. அந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டச் டவுனுக்கு 5 புள்ளி என்றால் 4க்கு 3 என்ற ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரு டச் டவுன்கூட விழவில்லை என்று அர்த்தம். டிசம்பர் குளிரில் இருபத்துநான்கு பேர் மாறி மாறி உதைத்து, விழுந்து, எழுந்து, கடைசியில் கோப்பை யாருக்கு என்பதை ஒரே ஒரு புள்ளி தீர்மானித்திருக்கிறது. சார்னியாவின் அந்த 3 புள்ளி எப்படி வந்தது, யார் உதைத்தார் என்று மகன் பழைய பேப்பரில் தேடட்டும், கட்டுரையின் முதல் பக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்த ஆண்டே டொரன்டோ வார்சிட்டி ஸ்டேடியத்தில் ரெஜைனாவை 20-12 என்று தோற்கடித்து இம்பீரியல்ஸ் கோப்பையை வாங்கிவிட்டது. 1936இல் ஒட்டாவாவை 26-20 என்று வென்று மறுபடியும் வாங்கியது. (அந்த வருஷம் மேற்கு சாம்பியனான ரெஜைனா இறுதியாட்டத்துக்கு வரவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த வீரர்கள், அதாவது 'இறக்குமதி' ஆட்டக்காரர்கள், எத்தனை நாள் கனடாவில் குடியிருந்திருக்க வேண்டும் என்ற தகராறுதான் காரணம்.) இம்பீரியல்ஸின் ஹியூ ஸ்டர்லிங் ஒன்டாரியோவில் பிறந்தவர், உதைப்பதில் மன்னர். 1938ஆம் ஆண்டுக்கான கனடாவின் சிறந்த ஆண் விளையாட்டு வீரர் என்ற விருது அவருக்குத்தான் கிடைத்தது. ஆலை ஊர் ஒன்றின் கிளப்பில் ஆடியவரை நாடு முழுக்கத் தெரிந்திருந்தது.

'ஆலையில் வேலை பார்த்தவர்கள் பொழுதுபோக்காக ஆடியது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் எனக்கு உறுத்தியது. இம்பீரியல்ஸ் என்ற பெயரே இம்பீரியல் ஆயில் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்தது. வீரர்களில் பலருக்கு அங்கேதான் வேலை. 1930கள் எப்படிப்பட்ட காலம்! நாடு முழுக்க வேலை இல்லாமல் ஆண்கள் சரக்கு ரயிலில் ஏறி ஊர் ஊராக அலைந்த காலம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவனுக்கு ஃபுட்பால் ஆடத் தெரியும் என்பதால் நிலையான ஆலை வேலை கிடைக்கிறது என்றால் அதைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்ல முடியும்? அதுதான் அவன் குடும்பத்துக்குச் சோறு. அவனை ஊரில் வைத்துக்கொள்வதற்கு ஊருக்கும் அதுதான் வழி. விளையாட்டு, சம்பளம், ஆலை, ஊர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்ததை ஒரு பதினான்கு வயதுப் பையன் எழுத ஆசைப்படுகிறான், அதைத்தான் நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். வரலாற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல தலைப்பை என்னால் யோசிக்க முடியவில்லை.

போர்க்காலத்தையும் அவன் விட்டுவிடக் கூடாது. 1942இலிருந்து 1944 வரை டொரன்டோ, ஒட்டாவா, மாண்ட்ரீல் போன்ற பெரிய நகர அணிகளின் லீக் மூடிக்கிடந்தது, மேற்கிலும் அதே நிலைதான். அப்போது ஆட்டத்தை நிறுத்தாமல் நடத்தியது, சார்னியா கோப்பை வாங்கியபோது ஆடிய அதே ஒன்டாரியோ ரக்பி ஃபுட்பால் யூனியன், 1883இல் தொடங்கிய பழைய லீக். 1942இல் டொரன்டோ விமானப்படை அணியான ஹரிக்கேன்ஸ், வின்னிபெக் விமானப்படை அணியை 8-5 என்று வென்று கிரே கோப்பையை வாங்கியது. 1943இல் ஹாமில்டன் ஃப்ளையிங் வைல்ட்கேட்ஸ். 1944இல் கியூபெக்கின் கடற்படை அணி ஒன்று, செயின்ட் ஹயசிந்த்-டோனகோனா, ஹாமில்டனை 7-6 என்று தோற்கடித்தது. சீருடை போட்ட பையன்கள் போருக்கு நடுவில் ஆடிய ஆட்டங்கள் அவை. கிரே கோப்பையின் கதை அந்த மூன்று ஆண்டுகளில் அறுந்துபோகாமல் இருந்ததற்குப் படைகளின் அணிகளும் இந்த லீக்கும்தான் காரணம்.

சரி, அப்படிப்பட்ட கிளப்புகள் எங்கே போயின? பணம்தான் காரணம். போர் முடிந்ததும் பெரிய நகரங்களின் அணிகள் அமெரிக்காவிலிருந்து சம்பளம் கொடுத்து ஆள் எடுப்பதை அதிகமாக்கின. 1952இல் கிரே கோப்பை ஆட்டம் முதல்முறையாக டிவியில் வந்தது. ஆலை வேலையை மட்டும் காட்டி ஆள் பிடித்துக்கொண்டிருந்த ஊர்கள் அந்தப் போட்டியில் எப்படி நிற்கும்? 1954தான் ஒன்டாரியோ யூனியன் கிரே கோப்பைக்கு மல்லுக்கு நின்ற கடைசி ஆண்டு. அந்த வருஷம் யூனியன் சாம்பியனான கிச்சனர்-வாட்டர்லூ டச்மென், எட்மன்டனிடம் அரையிறுதியில் தோற்று வீடு திரும்பியது. அதோடு கதவு சாத்தப்பட்டது. 1958இல் கனடியன் ஃபுட்பால் லீக் என்ற பெயர் வந்தபோது அதில் இருந்தவை பெருநகரத் தொழில்முறை அணிகள் மட்டுமே. ஒரு சின்ன ஊர் தன் ஆட்களை வைத்து நாட்டின் கோப்பையை வாங்கலாம் என்ற நிலைமை முடிந்துபோனது. இதை எழுதும்போது எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அந்தக் கடைசி நாட்களில்கூட உங்கள் ஊரின் வழியாக யார் போயிருக்கிறார் பாருங்கள். குக்கி கில்கிறிஸ்ட். பென்சில்வேனியாவில் பள்ளியில் படிக்கும்போதே அமெரிக்கத் தொழில்முறை அணி ஒன்று அவரைக் கையெழுத்து வாங்கிப் பிடித்துவைத்தது. அது சரிப்பட்டு வராமல் கனடாவுக்கு வந்த அந்தக் கறுப்பின இளைஞர் 1954இல் ஆடியது சார்னியா இம்பீரியல்ஸுக்கு, 1955இல் கிச்சனர்-வாட்டர்லூவுக்கு. அப்புறம் ஹாமில்டனில் 1957 கிரே கோப்பை, 1962இல் பஃபலோ போய் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கில் ஒரே பருவத்தில் ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடிய முதல் ஆள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு முதல் இடம் கொடுத்தது சார்னியா.

'நமக்கென்ன' என்ற கேள்விக்கு நார்மன் குவாங்கின் கதையைச் சொல்கிறேன். கால்கரியில் மளிகைக்கடை வைத்திருந்த சீனக் குடும்பத்தில் 1929இல் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் லிம் குவாங் யூ, கனடாவில் அது நார்மன் லிம் குவாங் என்று மாறிப்போனது. நம்மவர்களின் பெயர்களும் அங்கே பள்ளி ரெஜிஸ்டரில் ஏறும்போது என்ன பாடுபடுகின்றன என்று உங்களுக்கே தெரியும். சீனர்கள் கனடாவுக்குள் வருவதைத் தடுத்த சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இந்தப் பையன் கால்கரி ஸ்டாம்பீடர்ஸ் அணியில் ஆடினான், அந்த அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ஒட்டாவாவை 12-7 என்று வென்று கோப்பையும் வாங்கியது. பிற்பாடு எட்மன்டனுக்காக 1954, 55, 56 மூன்று ஆண்டும் தொடர்ந்து கோப்பை. 2005இல் அவரே ஆல்பர்ட்டா மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஆனார். வேறு மண்ணிலிருந்து வந்த ஒரு வீட்டுப் பிள்ளை அந்த ஊரின் ஆட்டத்தை ஆடி அந்த ஊர்க்காரனானான். உங்கள் மகன் ஆடவில்லை, எழுதுகிறான். அவனுக்கும் அது தன் ஊர் என்று தோன்றியிருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

அவன் செய்ய வேண்டியது இதுதான். சார்னியா அப்சர்வர் பத்திரிகையின் 1933 டிசம்பர் இதழ்களை ஊர் நூலகத்தில் கேட்கட்டும். பக்கத்தில் வயோமிங் ஊரில் லாம்ப்டன் கவுன்டி ஆவணக்காப்பகம் இருக்கிறது, ஒரு சனிக்கிழமை... வேண்டாம், வேலை நாளாகப் பார்த்து, போன் செய்து கேட்டுவிட்டு, நீங்களே காரில் கூட்டிக்கொண்டு போங்கள். 1934 அணியில் ஆடிய நார்ம் பெர்ரியின் பெயரில் ஊரில் ஒரு பூங்கா இருக்கிறது, இம்பீரியல்ஸ் என்ற அதே பெயரில் இன்றைக்கும் ஒரு அமெச்சூர் அணி ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்கு ஒரு நாள் போய் உட்காருங்கள், பக்கத்தில் இருக்கும் வயதானவரிடம் பேச்சுக் கொடுங்கள். உங்கள் அப்பா ஆலையில் என்ன வேலை பார்த்தார், ஷிப்ட் முடிந்து எப்போது பயிற்சிக்குப் போவார், அடிபட்டால் மறுநாள் சம்பளம் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் எந்த ஸ்கோர் பட்டியலிலும் இருக்காது.

எழுதி முடித்ததும் ஒரு பிரதியை எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் கூட உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொடுத்தால் இந்தப் பத்திரிகையில் அவன் பெயரிலேயே போடுகிறேன்.