அடைக்கோழி அடிக்கடி எழுந்து போவது பற்றி

வணக்கம். 12 முட்டை வைத்து 4 குஞ்சுதான் வந்தது, கோழி அடையில் நிலையாக உட்காரவில்லை என்கிறீர்கள். எனக்குக் கோழிச் செல் மீதுதான் சந்தேகம், அதாவது கோழியைக் கடிக்கும் பொடிப் பூச்சி. இரவில் டார்ச் அடித்துக் கூடையின் இடுக்கிலும் கோழியின் இறகடியிலும் பாருங்கள். பொடிப்பொடியாக ஊர்ந்தால் அதேதான். கடி தாங்காமல்தான் பாவம் எழுந்து ஓடுகிறது. பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கூடையை நல்ல வெயிலில் காயவைத்து, புது வைக்கோல் போடுங்கள். கோழியையும் சாம்பல் கலந்த மண்ணில் புரள விடுங்கள்.

அப்புறம் முட்டை. கோடையில் ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்ததை அடைக்கு வைக்காதீர்கள். 7ஆம் நாள் இருட்டில் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது, ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். கடைசி மூன்று நாள், அதாவது 21ஆம் நாள் வரை, தொடவே வேண்டாம். தீவனமும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும்.