தாலாட்டில் ஏன் இந்த அழுகை?

கேள்வி: எங்கள் சபைப் பாடகர் குழுவில் இந்த டிசம்பருக்கு ‘காவென்ட்ரி கேரல்’ பழகுகிறோம். தாலாட்டாகத்தான் தொடங்குகிறது. பாடி முடித்தால் துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தது போல இருக்கிறது. புத்தகத்தில் ‘பாரம்பரிய ஆங்கிலப் பாடல்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். யார் எழுதியது, மெட்டு எங்கிருந்து வந்தது?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: துக்க வீடுதான் அம்மா. அந்தத் தாலாட்டைப் பாடுவது மரியாள் அல்ல, பெத்லகேமின் மற்ற தாய்மார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளையெல்லாம் வெட்டச் சொல்லி ஏரோது ராஜா ஆள் அனுப்பியிருக்கிறான். சத்தம் போட்டு அழாதே கண்ணே என்று பிள்ளையை அடக்குகிறார்கள்.

இது கிறிஸ்துமஸுக்கென்று பிறந்த பாட்டும் அல்ல. இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்தில் நற்கருணைத் திருவிழாவுக்கு, அதாவது கோடைக்காலத்தில், தெருவில் சக்கர மேடைகளை இழுத்து வந்து வேதாகமக் கதைகளை நடிப்பார்கள். தொழிலுக்கு ஒரு நாடகம். கம்பளித் துணியின் மயிரைக் கத்தரித்துச் சமன் செய்கிறவர்களும் தையற்காரர்களும் சேர்ந்து போட்ட நாடகத்தில் வருவது இது. எகிப்துக்கு ஓடிப்போ என்று தேவதூதன் யோசேப்பிடம் சொல்கிறான். யோசேப்பும் மரியாளும் குழந்தை இயேசுவோடு கிளம்பியதும் பெண்கள் குழந்தைகளோடு வந்து பாடுகிறார்கள். பின்னாலேயே சேவகர்கள் வருகிறார்கள்.

அந்த நாடகத்தை 1534-ல் திருத்தி எழுதிவைத்தவர் ராபர்ட் குரோ. பாட்டைக் கட்டியவர் பெயர் எங்கும் இல்லை. மெட்டு ஏட்டில் ஏறியது அதற்கும் பிறகு: 1591 மே 13 என்று தேதி, தாமஸ் மாடைக் என்று பெயர், மூன்று குரலுக்கான இசைக்குறிப்பு. வேடிக்கை என்னவென்றால், நாடகங்கள் 1579-லேயே நின்றுபோயின. மேடை போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் மெட்டு தாளுக்கு வந்தது.

அந்தத் தாளும் இன்று இல்லை. பர்மிங்காம் நூலகத்தில் 1879-ல் பிடித்த தீயில் போய்விட்டது. நல்லவேளை, காவென்ட்ரிக்காரர் தாமஸ் ஷார்ப் என்பவர் முன்பே அதைப் பார்த்து எழுதி 1825-ல் அச்சிட்டிருந்தார். நாம் பாடுவதெல்லாம் அவர் புண்ணியம். அவர் கை எங்கேனும் தவறியிருந்தால் தவறியதுதான்; ஒத்துப் பார்க்க மூலம் கிடையாது.

1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் காவென்ட்ரிப் பேராலயம் எரிந்து, சுவர்களும் கோபுரமும்தான் மிஞ்சின. அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அதே இடிபாட்டுக்குள் நின்று இந்தப் பாட்டைப் பாடினார்கள். பிபிசி அதை ஒலிபரப்பியது.

கேள்வி: அதே பாட்டு முடியும் இடத்தில் ஒரு சுரம் மட்டும் மாறிக் கேட்கிறதே, அச்சுப்பிழையா?
— அதே வாசகி

பதில்: இதைக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் நானும் அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். பாட்டு நெடுக வருவது, நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் சொன்னால், சாதாரண காந்தாரம், அதாவது ‘க’ சுரத்தின் கீழ் நிலை. முடிவில் வந்து நிற்கும்போது மட்டும் அது அந்தர காந்தாரமாக, அதன் மேல் நிலைக்கு, ஏறிவிடும். அந்தக் காலத்து ஐரோப்பியப் பாட்டுகளில் இது வழக்கம்தான். எனக்கு அது யார் சொல்லித் தெரியும்? என் பிரதியில் சுரத்தை ஏற்றச் சொல்லும் குறியை ரப்பரால் தேய்த்து அழித்துவிட்டு, ஒத்திகையில் கீழ்க் காந்தாரத்திலேயே போய் நின்றேன். மற்ற குரல்கள் மேலே நிற்க, நான் மட்டும் கீழே. பாடகர் குழுத் தலைவர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, “தம்பி, ஊரெல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது, நீ ஏன் வாசலிலேயே நிற்கிறாய்?” என்றார்.

உங்கள் பிரதியில் குறி அப்படியே இருக்கட்டும்.