ஃபோன் எடுத்துக்கொண்டதும் விட்டுவைத்ததும்

அன்புள்ள ஐயா,

கையடக்க கேம் கருவிகள் பற்றி சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். சோனியின் வீட்டா தோற்றதற்கு மெமரி கார்டு விலையும் ஒரு காரணம் என்றீர்கள். எனக்கென்னவோ அது சுற்றிவளைத்த விளக்கமாகப் பட்டது. ஸ்மார்ட்ஃபோன் வந்தது, இவை செத்தன, அவ்வளவுதானே? என் மகன் ஒன்பதாம் வகுப்பு. ஸ்விட்ச் வேண்டும் என்று மூன்று மாதமாக உயிரை எடுக்கிறான். ஃபோனிலேயே இலவசமாக ஆடலாமே, எதற்குத் தனியாக ஒரு பெட்டி என்று கேட்டால் முறைக்கிறான். நீங்களாவது சொல்லுங்கள்.

ரா.க., ஓசூர்

அன்புள்ள ரா.க.,

பையன் முறைப்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

2011-ல் பலரும் உங்களைப் போலத்தான் நினைத்தார்கள். ஸ்விட்சைச் செய்யும் ஜப்பான் நிறுவனமான நிண்டெண்டோவுக்கே வயிற்றைக் கலக்கியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அதன் கையடக்கக் கருவி 3டிஎஸ் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது. ஆறு மாதம் முடிவதற்குள், ஆகஸ்டில், 15,000 யென். முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்கள் கொதித்துப்போக, அவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். நிறுவனத் தலைவர் சதொரு இவாதா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். (தோல்விக்குச் சம்பளத்தை வெட்டிக்கொள்ளும் தலைவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.)

ஆக, அடி விழுந்தது உண்மை. எங்கே விழுந்தது என்பதுதான் விஷயம். நிண்டெண்டோவின் குன்பே யோகோய், ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். 1980-ல் வந்த கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க கேம் அப்படித்தான் பிறந்தது என்று சொல்வார்கள். காத்திருக்கும் நேரத்துக்காகச் செய்த பொருள். ஃபோன் அந்த நேரத்தை அப்படியே விழுங்கிவிட்டது. 2004-ல் வந்த டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்றது. வாங்கியவர்களில் மூளைப் பயிற்சிப் புதிர்களுக்காக மட்டும் வாங்கிய பெரியவர்கள் நிறையப் பேர். அடுத்து வந்த 3டிஎஸ் ஏறக்குறைய 7.6 கோடி, அதாவது பாதி. விட்டுப்போன கூட்டத்தில் பெரும்பகுதி பொழுதைப் போக்க வந்த கூட்டம் என்பது என் கணிப்பு. ஆற்றில் வெள்ளம் வடிந்தால் ஆறு செத்துவிட்டது என்று சொல்வோமா?

வீட்டா கதை வேறு. நல்ல திரை, முன்னும் பின்னும் தொடுதளம் என்று ஃபோனோடு அதன் களத்திலேயே மோதியது. கருவி 250 டாலர். அதற்கென்றே செய்த 32 ஜிபி கார்டு 100 டாலர். வேறு கார்டு உள்ளே போகாது. இதைத்தான் அன்று சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன். இதற்கு முன்பு நோக்கியா எதிர்த்திசையிலிருந்து வந்து பார்த்தது. 2003-ல் வந்த என்-கேஜ் ஃபோனும் கேமும் சேர்ந்த கருவி. கேமை மாற்ற பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேசும்போது அதன் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன். ஃபோனில் திரையே பொத்தான். இரண்டு கட்டைவிரலையும் வைத்தால் படத்தில் கால்வாசி மறைந்துவிடும். எங்கே அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியாது, கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பள்ளத்தைத் தாண்டும் நேரத்தில் கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது. பப்ஜி ஆடும் பையன்கள் ஃபோன் விளிம்பில் மாட்டும் ட்ரிக்கரைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் இல்லாத பொத்தானைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள்.

அப்புறம் அந்த இலவசம். 2016 டிசம்பரில் நிண்டெண்டோ தன் புகழ்பெற்ற மரியோ கேமை ஐஃபோனுக்குக் கொண்டுவந்தது. முதல் சில கட்டங்கள் சும்மா, மீதிக்கு ஒரே முறை 10 டாலர். கோடிக்கணக்கானோர் டவுன்லோட் செய்தார்கள், காசு கொடுத்தவர்கள் குறைவு. எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று நிண்டெண்டோவே ஒப்புக்கொண்டது. அடுத்து வந்த ஃபயர் எம்பளம் ஹீரோஸ் இலவசம்தான், ஆனால் நல்ல வீரன் கிடைப்பானா என்று லாட்டரிபோல் திரும்பத் திரும்பக் காசு போட வைப்பது. அது மரியோவைவிட அதிகம் சம்பாதித்தது. ஃபோனில் எந்த மாதிரி கேம் பிழைக்கும் என்பது இதிலேயே தெரிகிறதல்லவா?

மரியோ வந்து மூன்றே மாதத்தில், 2017 மார்ச்சில், ஸ்விட்ச் வந்தது. டிவியில் செருகினால் வீட்டுக் கருவி, உருவினால் கையடக்கம். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஐந்து நிமிடத்துக்காக அது ஃபோனோடு சண்டைக்கே போகவில்லை. இதுவும் 15 கோடியைத் தாண்டிவிட்டது.

சரி, வாங்கலாமா? கருவியின் விலையோடு செலவு முடியாது. ஸ்விட்சுக்கான நிண்டெண்டோவின் பெரிய கேம் ஒன்று பெரும்பாலும் 60 டாலர், பழசானாலும் லேசில் விலை குறையாது. டவுன்லோட் செய்யாமல், கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜாக வாங்கினால் ஆடி முடித்து விற்றுவிடலாம். முதலில் எந்த கேம் ஆடப்போகிறாய் என்று பையனிடம் கேளுங்கள். பெயர் சொல்லி, அதில் என்ன இருக்கிறது என்று பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினால் வாங்கிக் கொடுங்கள். 'எல்லாரும் வச்சிருக்காங்க' என்றால் இன்னும் மூன்று மாதம் முறைக்கட்டும்.