ஒரே பக்கம் உறுத்தும் தொண்டை: காதடி எலும்பைப் பார்த்தார்களா?

கேள்வி: எனக்கு வயது 42. ஒன்றரை வருடமாகத் தொண்டையின் வலது பக்கத்தில் மீன்முள் சிக்கியதுபோல உறுத்துகிறது. எச்சில் விழுங்கினாலும் கொட்டாவி விட்டாலும் வலி காதுக்குள் பாய்கிறது. தலையைத் திருப்பினால் இன்னும் கூடுகிறது. எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை. அசிடிட்டி மாத்திரையை ஆறு மாதம் சாப்பிட்டும் பலனில்லை. 18 வயதில் டான்சில் எடுத்திருக்கிறார்கள். இப்போது 'மனக்கவலைதான் காரணம்' என்கிறார்கள். வேறு காரணம் இருக்குமா?

பதில்: இருக்கலாம். மனக்கவலையால் வரும் தொண்டை அடைப்பு பெரும்பாலும் நடுத்தொண்டையில் இருக்கும், சாப்பிடும்போது குறைந்துவிடும். உங்களுக்கு ஒரே பக்கம், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடம், தலையைத் திருப்பினால் கூடும் வலி, காதுக்கு ஓடும் வலி. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் ஈகிள் சிண்ட்ரோம் என்ற அரிய பிரச்சினையைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். 1937-ல் இதை விவரித்த அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் வாட் ஈகிளின் பெயரால் அப்படி அழைக்கிறார்கள்.

காதுக்குக் கீழே மண்டையோட்டின் அடியிலிருந்து ஸ்டைலாய்டு என்ற மெல்லிய கூரான எலும்பு கீழ்நோக்கியும் முன்நோக்கியும் இறங்குகிறது. வழக்கமாக இதன் நீளம் 2.5 முதல் 3 சென்டிமீட்டர். அது அதற்கு மேல் நீண்டாலோ, அதன் நுனியிலிருந்து கழுத்தின் ஹையாய்டு எலும்புக்குப் போகும் தசைநார் சுண்ணாம்பேறி இறுகினாலோ, டான்சில் இருந்த குழிக்குப் பின்னால் நுனி வந்து முட்டும். அந்த வழியில்தான் ஒன்பதாவது மூளை நரம்பு போகிறது. தொண்டையின் பின்பகுதி, நாக்கின் அடிப்பகுதி, நடுக்காது மூன்றுக்கும் உணர்ச்சி தருவது அந்த ஒரே நரம்பு. காதில் ஒரு கோளாறும் இல்லாமலே காது வலிப்பது இதனால்தான். டான்சில் எடுத்த இடத்தின் தழும்பு நரம்பை இழுத்துப் பிடிப்பதும் ஒரு காரணமாகலாம். அதனால் பழைய அறுவை சிகிச்சையை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு பக்கத் தொண்டை வலியும் அதே பக்கக் காது வலியும் நாக்கின் அடிப்பகுதி, டான்சில் குழி, குரல்வளைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். எடை குறைவு, சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், திடப்பொருள் விழுங்கச் சிரமம், புகையிலைப் பழக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் புற்றுநோய்க்கான பரிசோதனை தள்ளிப்போகக் கூடாது. எண்டோஸ்கோப்பி என்று சொல்லியிருக்கிறீர்கள். வயிற்றுக்காகச் செய்ததா, தொண்டைக்காகவே மூக்கு வழியாகச் செய்ததா என்று பாருங்கள். வயிற்று எண்டோஸ்கோப்பியில் தொண்டையைக் கடந்து வேகமாகப் போய்விடுவார்கள். அந்த ரிப்போர்ட்டை வைத்துத் தொண்டை சரியாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

அடுத்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். மருத்துவர் கையுறை அணிந்த விரலை வாய்க்குள் விட்டு டான்சில் குழியை அழுத்திப் பார்ப்பார். சாதாரண நீளமுள்ள ஸ்டைலாய்டு விரலுக்குத் தட்டுப்படாது. கெட்டியான ஒரு முனை தட்டுப்பட்டு, அதை அழுத்தும்போது 'இதே வலிதான்' என்று நீங்கள் சொல்ல முடிந்தால் சந்தேகம் வலுக்கிறது. மறுபக்கத்தையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் குமட்டும் இடம் அது, ஒப்பிட்டால்தான் வித்தியாசம் புரியும். பிறகு அதே இடத்தில் லிக்னோகெய்ன் மரப்பு ஊசி போட்டு, சில நிமிடங்களில் வலி விலகுகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்பதாவது நரம்பின் நரம்புவலியும் இந்த ஊசிக்கு அடங்கும். ஆனால் அது மின்சாரம் பாய்ந்ததுபோல வந்து சில நொடிகளில், மிஞ்சினால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். நாள் முழுதும் இருக்கும் உறுத்தல் அதன் குணமல்ல.

நீளத்தை அளக்க முப்பரிமாண சி.டி. ஸ்கேன்தான் சரி. பல் மருத்துவர்கள் எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் நீளம் தெரியும், ஆனால் பிம்பம் பெரிதாவதால் அளவு துல்லியமாக இருக்காது. ஸ்கேன் சீட்டில் 'இரு பக்க ஸ்டைலாய்டின் நீளம், சாய்வு, தசைநார் சுண்ணாம்பேற்றம்' என்று குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் ரிப்போர்ட்டில் அது விட்டுப்போவது சகஜம். ஏற்கெனவே கழுத்துக்கு எடுத்த சி.டி. இருந்தால் அதையே திரும்பப் பார்க்கச் சொல்லலாம்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஸ்டைலாய்டு நீண்டிருக்கும் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே வராது. ஸ்கேனில் 3.5 சென்டிமீட்டர் என்று வந்ததாலேயே அறுவை சிகிச்சைக்குப் போய்விடக் கூடாது. விரல் சோதனை, மரப்பு ஊசி, ஸ்கேன் மூன்றும் ஒரே பக்கத்தைச் சுட்டினால்தான் முடிவுக்கு வர வேண்டும்.

சிகிச்சை மருந்தில் தொடங்கும். வலிநிவாரணியால் பயன் குறைவாக இருந்தால் காபாபென்டின் போன்ற நரம்புவலி மருந்தை இரவில் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள். முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கம் இருக்கும், வண்டி ஓட்ட வேண்டாம். திடீரென நிறுத்தவும் கூடாது. டான்சில் குழியில் ஸ்டீராய்டு ஊசியும் சிலருக்குப் பல வாரங்கள் நிம்மதி தரும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனி அருகிலேயே ஓடுவதால் அந்த ஊசி பழகிய கைகளால் மட்டும் போடப்பட வேண்டும். கழுத்தை நெட்டி முறிப்பது, முறுக்கிப் பிடிப்பது எதுவும் கூடாது. நீண்ட எலும்பு அந்தத் தமனியைக் காயப்படுத்தலாம். தலையைத் திருப்பும்போது மயக்கமோ கண் இருட்டலோ வந்தால் ரத்தக்குழாய் சி.டி.யும் தேவை.

மருந்துக்கு அடங்காவிட்டால் எலும்பை வெட்டிக் குறைக்கும் அறுவை சிகிச்சை. வாய் வழியாகச் செய்தால் வெளியே தழும்பு இருக்காது. ஆனால் பார்வைக்குக் கிடைக்கும் இடம் குறுகல், ஆழமான கழுத்துத் தொற்றுக்கு வாய்ப்பும் உண்டு. உங்களைப்போல டான்சில் எடுத்தவர்களுக்கு அங்கே தழும்பு இறுகியிருப்பதால் வேலை கொஞ்சம் கடினம். கழுத்து வழியாகச் செய்தால் எலும்பை மேலேவரை நன்றாகப் பார்த்து எடுக்கலாம். தாடைக்குக் கீழே ஒரு கோடு விழும், வாயோரம் சில வாரங்கள் பலமிழக்கலாம். எலும்பு மிக நீளமாகவோ தடித்தோ இருந்தால் கழுத்து வழியே நல்லது என்பது எங்கள் கருத்து. நுனியை மட்டும் கிள்ளிவிட்டு அடியை விட்டால் வலி மீளக்கூடும்; எவ்வளவு எடுக்கப் போகிறார்கள் என்று முன்பே கேளுங்கள்.

பிறகு ஓரிரு வாரம் மென்மையான உணவு போதும். காய்ச்சல், கழுத்து வீக்கம், வாய் திறக்க முடியாமை, ரத்தக் கசிவு வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உரசிப் புண்பட்ட நரம்பு ஆற நேரம் எடுக்கும் என்பதால் காது வலி அடங்கச் சில மாதங்கள்கூட ஆகலாம்.