62,000 ரூபாய் வலம்புரி சங்கும் ஃபாரஸ்ட் கேஸ் பயமும்

கேள்வி: பெங்களூர் அல்சூர்ல இருக்கோம் சார். தை மாசம் புது வீட்டுக்கு பால் காய்ச்சும்போது இங்க ஒரு பூஜை சாமான் கடைல 62,000 குடுத்து வலம்புரி சங்கு வாங்கினோம், சர்டிஃபிகேட்டும் குடுத்தாங்க. கீழக்கரைல சங்கு குளிச்ச எங்க பெரியப்பா பாத்துட்டு இது நம்ம கடல் சங்கே இல்லங்கறார். கடைக்காரர்கிட்ட கேட்டா, கம்ப்ளைன்ட் பண்ணா வனவிலங்கு சட்டத்துல நீங்கதான் உள்ள போவீங்கன்னு மிரட்டறார்.

பதில்: மிரட்டல் வெத்து வேட்டுங்க. 1972 வனவிலங்கு சட்ட அட்டவணைல கொம்பு ஹெல்மெட் சிப்பி, ட்ரைட்டன் மாதிரி சில கடல் நத்தைங்க இருக்கு, அத வச்சிருந்தா நிஜமாவே சிக்கல்தான், ஆனா நம்ம பூஜை சங்கு அதுல இல்ல.

நீங்க அனுப்புன போட்டோல வாய்க்கு உள்பக்கம், நடுத்தண்டு மேல மழமழன்னு இருக்கு. நம்ம சங்குல அங்க விரல விட்டா மூணு நாலு மடிப்பு வரி வரியா தட்டும், வலம்புரியா இருந்தாலும் சரி இடம்புரியா இருந்தாலும் சரி. உங்களுது பாக்க அமெரிக்க கடல் நத்தை மாதிரி இருக்கு, லைட்னிங் வெல்க்ம்பாங்க, டெக்சாஸ் மாநிலத்தோட சிப்பியே அதான். நம்ம சங்குல லட்சத்துல ஒண்ணுன்னு பேசற அந்த வலம்புரி திருப்பம் அதுக்கு பொறவிலயே வழக்கமா வர்றது, அதனால அங்க அது அபூர்வமே இல்ல. போட்டோ வச்சு நான் சொல்றது கோர்ட்ல நிக்காது, சென்னை சாந்தோம்ல இருக்கற இந்திய விலங்கியல் ஆய்வு மையத்துல காட்டி எழுத்துல வாங்க முடியுமான்னு பாருங்க, இல்லனா கேஸ் போட்டப்பறம் நுகர்வோர் கமிஷனே லேபுக்கு அனுப்ப 2019 நுகர்வோர் சட்டத்துல வழி இருக்கு.

மொதல்ல ரிஜிஸ்டர் போஸ்ட்ல ஒரு நோட்டீஸ், 15 நாள் டைம் குடுங்க. மசியலன்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன், நீங்க குடியிருக்கற ஏரியாவுக்கே போடலாம், குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளங்கறதால ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷ கெடுவும் தாண்டல. தெரிஞ்சே ஏமாத்தினான்னு காட்ட முடிஞ்சா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் சட்டம்) 318(4) மோசடி பிரிவு இருக்கு, ஆனா ஸ்டேஷன்ல இத சிவில் மேட்டர்னு தள்ளி விடத்தான் பாப்பாங்க, அத பின்னாடி வச்சுக்கலாம்.

அப்பறம் அந்த சர்டிஃபிகேட்ட கிழிச்சு போட்டுடாதீங்க, "ஒரிஜினல் வலம்புரி"ன்னு அவரே சீல் குத்தி குடுத்திருக்கார், உங்க பக்கத்துக்கு அதவிட நல்ல சாட்சி இல்ல. மாத்தி தரேன்னு கூப்ட்டாலும் எழுத்துல எதுவும் இல்லாம சங்க அவர் கைல குடுக்காதீங்க.