இலையுதிர் காலமே இல்லாத மலேசியாவில் பம்ப்கின் ஸ்பைஸ் லாத்தே (பூசணி மசாலாப் பால் கோப்பி) குடித்துப் பார்த்தவர்கள் உண்டா? சுவை எப்படி இருந்தது?

குடித்திருக்கிறேன். போன அக்டோபரில், தீபாவளி நெருக்கத்தில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். இதற்காக ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகவில்லை. எங்கள் ஊர்க் கடைவரிசையிலேயே புதிதாக ஒரு கோப்பிக் கடை திறந்திருக்கிறார்கள். தம்பி மகள் பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்தாள். "அத்தை, ஒரு தடவை குடிச்சுப் பாருங்க, பிடிக்கலைன்னா நான் குடிச்சுக்கிறேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள். ஒரு கோப்பை 16 வெள்ளி (ரிங்கிட்). எதிரே ஒட்டுக்கடையில் பால் கோப்பி 2 வெள்ளி 20 காசு.

நீங்கள் கேட்டது சுவையைப் பற்றி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்ததும் பட்டை வாசனைதான் தூக்கலாக வந்தது. வாயில் வைத்தால் இனிப்பு, அதிக இனிப்பு. அதற்குப் பின்னால் பால். கோப்பியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டுக் கருக வறுப்பார்கள். அந்தக் கசப்பில் வளர்ந்த நாக்குக்கு இந்தக் கோப்பி மெல்லியதாகத்தான் தெரியும். கடைசியில், விழுங்கி முடித்த பிறகு, கிராம்பு வந்து நாக்கு நுனி லேசாக மரத்தது. அந்தக் கடைசி ஒரு நொடி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஜாதிக்காயும் இருந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் உரை மருந்து உரசும்போது வருமே, அதே வாசனை.

பூசணி? அதன் சுவை எனக்குத் தெரியவில்லை. "தம்பி, இதில் பூசணி இருக்கா?" என்று கடைப் பையனிடம் கேட்டேன். "சாஸ்ல இருக்கு அக்கா" என்றான். இருந்திருக்கலாம், அந்தக் கொழகொழப்பு அதனால்தான் வந்திருக்கும். இந்தப் பானத்தைப் பிரபலமாக்கிய ஸ்டார்பக்ஸ் இதை 2003இல் வான்கூவரிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் சோதனையாக விற்று, அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. 2015 வரை அதில் உண்மையான பூசணி சேர்க்கவே இல்லை. பேரில் உள்ள பூசணி, அமெரிக்கர்கள் நவம்பரில் நன்றி தெரிவிக்கும் திருநாளுக்குச் சுடும் பூசணிப் பை (pie) என்ற இனிப்புப் பண்டத்தைக் குறிக்கிறது. அந்தப் பைக்குப் போடுகிற மசாலாதான் பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு. அதையே கோப்பியில் போட்டார்கள். அறுவடை முடிந்து, களஞ்சியம் நிறைந்து, குளிர் தொடங்குகிற நேரத்து வாசனை அது. அவர்களுக்கு அது நிறைவின் வாசனை.

இப்போது கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன். மலேசியாவில் இலையுதிர் காலம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் பிறந்தவர்களிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். கித்தா மரம் இலை உதிர்க்கிற மரம். (கித்தா என்றால் ரப்பர், எங்கள் பேச்சில் அப்படித்தான்.) பிப்ரவரி, மார்ச்சில் எங்கள் பக்கத்துக் கித்தாக்காடு முழுக்க மஞ்சளாகி, சிவப்பாகி, பிறகு பழுப்பாகிக் கொட்டிவிடும். மற்ற மாதங்களில் காலை பத்து மணிக்கும் இருட்டாக இருக்கிற காட்டுக்குள் அப்போது வெயில் நேராகத் தரையில் இறங்கும். காலை வைத்தால் சருகு கணுக்கால் வரை இருக்கும். நடக்கிற சத்தம் நாலு நிரை தள்ளிக் கேட்கும். சில வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர் விடும். வெளிநாட்டு நாட்காட்டிப் படத்தைப் பார்த்து யாராவது "இலையுதிர் காலம்" என்று சொன்னால், எனக்கு நினைவுக்கு வருவது அந்தச் சருகுதான்.

ஆனால் எங்களுக்கு அது நிறைவின் காலம் இல்லை. இலை விழத் தொடங்கினால் கித்தாப் பால் குறையும். தளிர் விடும்போது இன்னும் குறையும், மரத்தின் சத்தெல்லாம் தளிருக்குப் போய்விடும். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் சீவியவர். வாளியில் பால் குறைந்தால் சம்பளமும் குறையும். தோட்டத்துக் கடையில் கடன் புத்தகம் தடிக்கிற மாதங்கள் அவை. முதலில் நிறுத்துவது டின் பால். விடிகாலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் முன் அம்மா கோப்பி ஓ, அதாவது பால் இல்லாத கோப்பி போடுவார். பால் இல்லாத குறை தெரியாமல் இருக்க, சுக்கைத் தட்டி, ஒரு பட்டைத் துண்டும் இரண்டு கிராம்பும் சேர்த்துக் கொதிக்கவிடுவார். சீனிக்குப் பதில் கூலா மெலாக்கா (தென்னை வெல்லம்), அதுவும் கிள்ளித்தான். மசாலா போட்ட கோப்பி என்றால் எனக்கு அதுதான்.

அதனால் கடையில் அந்த வாசனை வந்ததும் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. தம்பி மகள் பிடிக்கவில்லையோ என்று நினைத்துவிட்டாள்.

இன்னொரு கோப்பை வாங்கி அம்மாவுக்கு எடுத்துப் போனேன். அவருக்கு 78 வயது. இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு பால் இருக்கும்போது சுக்கு எதுக்கு?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். பூசணிப் பை, அறுவடை எல்லாம் நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மீதியைத் தம்பி மகளிடம் கொடுத்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயம், கோப்பிப் பிரியர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. மலாயாத் தோட்டங்களில் கித்தாவுக்கு முன்னால் நட்டது கோப்பிதான். 1890களில் பிரேசில் கோப்பி குவிந்து விலை சரிந்தது, இலை தின்னும் புழுவும் சேர்ந்து அழித்தது. அந்த இடத்துக்குத்தான் கித்தா வந்தது. எங்களுக்குப் பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. நம் ஆட்கள் இந்த நாட்டில் கித்தா பார்ப்பதற்கு முன்பே கோப்பி பறித்திருக்கிறார்கள். இன்றும் இங்கே விளைவது பெரும்பாலும் லைபீரிக்கா என்ற கோப்பி வகை, அரபிக்கா இல்லை.

சரி, நீங்கள் குடிக்கலாமா? குடியுங்கள். கடையில் என்றால் பாகைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள், சூடாக வாங்குங்கள். ஐஸ் போட்டால் கிராம்பும் ஜாதிக்காயும் அடங்கிவிடும், இனிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும்.

வீட்டில் செய்தால் இன்னும் நன்றாக வரும். நான் நாலைந்து முறை செய்து பார்த்தபின் சொல்கிறேன். பட்டைத் தூளை நேரே கோப்பியில் கொட்டாதீர்கள். அது கரையாது, அடியில் வழவழவென்று தங்கும். ஒரு குவளைத் தண்ணீரில் விரல் நீளப் பட்டை, இரண்டு கிராம்பு, தட்டிய சுக்கு, இரண்டு மேசைக்கரண்டி கூலா மெலாக்கா போட்டுப் பாதியாக வற்றவிட்டு வடிகட்டுங்கள். பச்சை இஞ்சியைப் பாலில் போட்டால் திரிந்துவிடும், சுக்குதான் சரி. வேகவைத்து நன்றாக மசித்த மஞ்சள் பூசணி ஒரு கரண்டி அந்தப் பாகில் கலக்கலாம். விட்டுவிட்டாலும் ஒன்றும் குறையாது. கோப்பி மட்டும் கெட்டியாக, நம் ஊர்த் தூளில் போடுங்கள். பால் கால் பங்குக்கு மேல் வேண்டாம். ஜாதிக்காயைக் கடைசியில், கோப்பையின் மேல் இரண்டு இழுப்பு துருவினால் போதும். இதை அம்மா முழுதாகக் குடித்தார்.

இலை விழுவதைப் பார்த்துக்கொண்டே குடிக்க ஆசை என்றால் அக்டோபரில் வராதீர்கள். அப்போது எங்களுக்குச் சாயங்கால மழை, முறுக்குச் சட்டி, அவ்வளவுதான். பிப்ரவரி கடைசியில் வாருங்கள். நான் வளர்ந்த தோட்டத்தில் இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டுவிட்டார்கள். செம்பனை அப்படி மொத்தமாக இலை கொட்டாது, வருஷம் முழுக்க ஒரே பச்சை. ஆனால் லிந்தாங் பக்கம் சிறுதோட்டக்காரர்களின் கித்தா இன்னும் அங்கங்கே இருக்கிறது. என் மாமாவுக்கும் ஐந்து ஏக்கர் உண்டு. கடைகளில் அந்த நேரம் இந்தக் கோப்பி கிடைக்காது, ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வாருங்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் வந்தால் நல்லது.