பழைய சாஃப்ட்வேர், புது கம்ப்யூட்டர்: வாசகர் கேள்விகள்

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதிலிருந்து பலர் புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே புலம்பல்தான். நேரே கேள்விகளுக்குப் போய்விடலாம்.

கல்லூரியில் டர்போ சி++ கேட்கிறார்கள். விண்டோஸ் 11-இல் ஓடவில்லை. விர்ச்சுவல் பாக்ஸ் போடட்டுமா? (திருநெல்வேலி)

கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை (அதுதான் விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸ் இதற்கு வேண்டாம், பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போதும். இலவசம், சில எம்பிதான். 64 பிட் விண்டோஸ், டர்போ சி++ போன்ற 16 பிட் புரோகிராமைத் தொடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. டாஸ்பாக்ஸில் டர்போ ஃபோல்டரை மவுண்ட் செய்தால் அந்த நீலத்திரை வந்துவிடும். 1990களின் தொடக்கத்தில் வந்த கம்பைலர் அது. சி++ மொழிக்குத் தரநிலை வந்ததே 1998-இல். லேப் தேர்வு முடிந்த அன்றே ஜிசிசி போன்ற இன்றைய கம்பைலருக்கு மாறிவிடுங்கள்.

விர்ச்சுவல் பாக்ஸ் போட்டேன், ரொம்ப ஸ்லோ. என்ன செய்ய? (ஊர் இல்லை)

ஊரை விடுங்கள். ரேம் எவ்வளவு, எந்த பிராசஸர், உள்ளே எந்த விண்டோஸ்? எதையும் எழுதாமல் 'ஸ்லோ' என்றால் நான் ஜோசியமா பார்க்க முடியும்? ஊகமாக இரண்டு சொல்கிறேன். கீழ்ப்பட்டியில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும், செக்யூரிட்டி பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டியையும் ஆஃப் செய்து பாருங்கள். ஆமை இல்லை, ஆனால் மொத்த ரேமே 4 ஜிபி என்றால் ரேம் வாங்குங்கள்.

விடி-எக்ஸ் இல்லை என்று எரர் வருகிறது. (கரூர்)

விர்ச்சுவல் மெஷினுக்காக பிராசஸர் தரும் வசதி அது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்கில் போய் ஆன் செய்யுங்கள். ஏஎம்டி போர்டுகளில் எஸ்விஎம் என்று இருக்கும்.

விர்ச்சுவல் பாக்ஸில் விண்டோஸ் எக்ஸ்பி இன்ஸ்டால் ஆகும்போது 7பி என்று முடியும் நீலத்திரை வருகிறது. சிடி கெட்டுவிட்டதா? (வேலூர்)

சிடி நன்றாகத்தான் இருக்கும். விர்ச்சுவல் மெஷின் செட்டிங்கில் ஹார்ட் டிஸ்க்கை சாட்டா கன்ட்ரோலரில் மாட்டியிருப்பீர்கள். எக்ஸ்பியிடம் அதற்கு டிரைவர் இல்லை. ஐடிஇ என்ற பழைய வகை கன்ட்ரோலருக்கு மாற்றுங்கள். 1 ஜிபி ரேம், 10–20 ஜிபி டிஸ்க் தாராளம். கையோடு நெட்வொர்க் அடாப்டரை எடுத்துவிடுங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014-லேயே நின்றுவிட்டது. எக்ஸ்பியில் நெட் வேண்டாம்.

எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் இதையெல்லாம் இலவசமாகப் பயன்படுத்தலாமா? (ஈரோடு)

விர்ச்சுவல் பாக்ஸின் அடிப்படைப் பேக்கேஜ் ஆபீஸுக்கும் இலவசம். கூடுதல் வசதிகளுக்கான எக்ஸ்டென்ஷன் பேக் அப்படியில்லை. சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் சும்மா. 7.0 பதிப்பிலிருந்து யுஎஸ்பி 2, 3 ஆதரவு அடிப்படைப் பேக்கேஜிலேயே வந்துவிட்டதால் பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது. இதே வேலையைச் செய்யும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பரிலிருந்து வணிகத்துக்கும் இலவசம். உள்ளே போடும் விண்டோஸுக்கு லைசென்ஸ் தனி. 'நண்பர் கொடுத்த சிடி' கதையெல்லாம் வேண்டாம்.

அச்சகம் வைத்திருக்கிறேன். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 6.5, பழைய தமிழ் ஃபான்ட்டில் நூற்றுக்கணக்கான புத்தக ஃபைல்கள். எக்ஸ்பி விர்ச்சுவல் மெஷினில் அருமையாக ஓடுகிறது. இனி கவலையில்லை அல்லவா? (சிவகாசி)

உங்கள் கவலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 7, வந்தது 2001-இல். அதுவும் போகட்டும். உங்கள் ஃபைலில் இருப்பது தமிழ் என்றா நினைக்கிறீர்கள்? பழைய ஃபான்ட்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினி ஃபான்ட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள், மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். பிடிஎஃப் ஆக்கி வைத்திருக்கிறேன் என்பீர்கள். அச்சுக்குச் சரி. அதில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள், ஒரு பத்தியை காப்பி செய்து பாருங்கள், அதே குப்பைதான் வரும். ஒரு நூலாசிரியர் இரண்டாம் பதிப்புக்காக வந்து நின்றால் திரும்பவும் டைப் அடிக்கப் போகிறீர்களா? அடிக்கிறார்கள் சார், இன்றைக்கும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

விர்ச்சுவல் மெஷின் ஓடுகிற இந்தக் காலத்திலேயே எழுத்தை வெளியே எடுங்கள். ஸ்டோரிக்குள் (பேஜ்மேக்கரில் தொடர்ந்து ஓடும் ஒரு எழுத்துப் பகுதி) கர்சரை வைத்து டெக்ஸ்ட்டாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எந்த ஸ்டோரிக்கு எந்த ஃபான்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள். தலைப்புக்கு டாம், உள்ளே டாப் என்று இரண்டு ஃபான்ட் வகைகளை ஒரே புத்தகத்தில் கலந்து அடித்தவர்களும் உண்டு. ஷேர்டு ஃபோல்டர் வழியாக வெளியே கொண்டுவந்து என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டால் யூனிகோட், அதாவது ஃபான்ட் மாறினாலும் தமிழாகவே இருக்கும் எழுத்து, கிடைக்கும். அதுவும் இலவசம்தான். நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும், அதனால் ஒருமுறை மெய்ப்புப் பார்க்காமல் விடாதீர்கள். மறுபதிப்பு வரக்கூடிய புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள், நூறையும் ஒரே வாரத்தில் முடிக்கச் சொல்லவில்லை. அந்த ஃபான்ட் ஃபைல்களையும் தனியே காப்பி எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. ஸ்னாப்ஷாட் எடுத்தேன், பேக்கப் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவில்லை. மெஷினின் அப்போதைய நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட், அதே டிஸ்க்கில் மூல ஃபைலை நம்பித்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் போகும். மெஷினை முழுசாக ஷட் டவுன் செய்து, ஃபோல்டரோடு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள். எக்ஸ்பியில் நெட் வேண்டாம் என்று மேலே சொன்னது உங்களுக்கும்தான்.

பழைய டிசைன் சாஃப்ட்வேருக்குப் பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள் (லைசென்ஸுக்கான சின்னக் கருவி). யுஎஸ்பி-பேரலல் கேபிள் வாங்கினால் விர்ச்சுவல் மெஷினில் வேலை செய்யுமா? (திருப்பூர்)

காசை வீணாக்காதீர்கள். அந்தக் கேபிள்கள் பிரிண்டருக்குத்தான், டாங்கிளை அவை பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பேரலல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கெடாமல் பார்த்துக்கொள்வதே மலிவு. யுஎஸ்பி டாங்கிள் என்றால் பிரச்சினை குறைவு, விர்ச்சுவல் பாக்ஸில் அதற்கு ஒரு யுஎஸ்பி ஃபில்டர் போட்டால் போதும்.

எம் சிப் மேக்கில் எக்ஸ்பி ஓடுமா? (யாழ்ப்பாணம்)

மேக்கில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் யுடிஎம் போட்டுப் பாருங்கள். பிராசஸர் வேறு வகை என்பதால் அது முழுக்க எமுலேஷன், அதாவது பழைய பிராசஸரைப் போல சாஃப்ட்வேர் நடிக்கிறது. ஓடும், ஆனால் மெதுவாக. ஒரு கடிதம் திறந்து பார்க்கலாம், நாள் முழுக்க வேலை செய்ய முடியாது.

விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் எக்ஸ்பியில் நெட் பேங்கிங் பார்க்கலாமா? வெளியே இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஆபத்தில்லையே. (மதுரை)

கம்ப்யூட்டருக்கு ஆபத்தில்லை என்றே வைத்துக்கொள்வோம். பாஸ்வேர்டை எதில் டைப் செய்யப் போகிறீர்கள்? எக்ஸ்பியில் நெட் வேண்டாம்.